ஹலால் கொலாஜன், ஜெலட்டின் வாங்கும் முன்: டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

போன தீபாவளிக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்தார். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய முட்டி அவருடையது; படி ஏறினால் நொறநொறவென்று சத்தம் கேட்கும். மண்டபத்தில் நடந்த ஒரு விற்பனைக் கூட்டத்தில் கொலாஜன் தூள் வாங்கி ஒன்றரை மாதமாகக் குடித்து வந்திருக்கிறார். "தங்கச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாரேன். மருமவ ஏதோ சொல்றா" என்றார்.

பார்கோடுக்குப் பக்கத்தில் எறும்பு எறும்பாக இருந்த எழுத்தை போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். 'மெங்காண்டுங்கி லெம்பு' என்றிருந்தது. மாட்டிலிருந்து எடுத்தது. அக்கா வெள்ளிக்கிழமை விரதக்காரர், பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சி தொடாதவர். விற்றவர்களிடம் அவர் கேட்காமலும் இல்லை. "பயப்படாதீங்கம்மா, ஹலால்தான்" என்றிருக்கிறார்கள். ஹலால் என்பது உண்மைதான், ஆனால் அக்கா கேட்டது அதுவல்ல. என் வாசல் திண்ணையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்பவர்களைத் தினமும் பார்ப்பவள், அவ்வளவுதான். முஸ்லிமான எனக்கு முதல் கேள்வி ஹலாலா என்பது. அக்காவுக்கு முதல் கேள்வி மாடா என்பது. இரண்டுக்கும் பதில் அதே டப்பாவின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அதைத் தேடிப் படிக்கும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: எதற்கு வாங்குகிறோம் என்று தெளிவாகுங்கள்

நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு கொலாஜன்தான். தோல், எலும்பு, தசைநார், குருத்தெலும்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து நிற்பது அது. விலங்கின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்திச் சூடாக்கி அந்தக் கொலாஜனைக் கரைத்தெடுத்தால் ஜெலட்டின். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் உறைந்து ஆடுகிறதே, அது வீட்டு ஜெலட்டின். ஜெலட்டினை நொதிகளால் இன்னும் சிறிது சிறிதாக வெட்டினால் கிடைப்பது கொலாஜன் பெப்டைட். இது குளிர்ந்த நீரிலும் கரையும், உறையாது. கடையில் 'ஹைட்ரலைஸ்டு கொலாஜன்' என்று விற்பதும் இதையே.

குடித்த கொலாஜன் நேராக முட்டிக்கோ முகத்துக்கோ போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகவும் சின்னஞ்சிறு துண்டுகளாகவும் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. அவற்றை எங்கே பயன்படுத்துவது என்று உடம்புதான் தீர்மானிக்கும்.

பலன் உண்டா? தோலைப் பற்றி 2025-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தபோது ஈரப்பதம், நெகிழ்வு, சுருக்கம் மூன்றிலும் நன்மை தெரிந்தது. மருந்துக் கம்பெனிப் பணம் வாங்காத சோதனைகளை மட்டும் தனியே பிரித்தபோது அந்த நன்மை தெரியவில்லை. மூட்டு விஷயத்தில், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-லேயே கொலாஜனுக்கும் மூட்டு ஆரோக்கியத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது. சில சோதனைகளில் முட்டிவலி ஓரளவு குறைந்ததும் உண்டு. ஆகவே 'கொஞ்சம் உதவலாம்' என்ற எதிர்பார்ப்போடு வாங்குங்கள். 'முட்டி புதுசாகும்' என்று எவராவது சொன்னால் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொலாஜனில் டிரிப்டோபன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் கிடையாது. அதனால் அது முழுமையான புரதம் இல்லை. வயதான அம்மா சோறு இறங்காமல் இருக்கிறார், சத்துக்குக் கொலாஜன் கொடுக்கலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முட்டை, பருப்பு, மீன், தெம்பே என்றுதான் சொல்வேன். ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 6 கிராம் முழுமையான புரதம் இருக்கிறது.

படி 2: எந்த உயிரினம்?

எல்லாக் கேள்விக்கும் முந்தியது இது. கொலாஜன் மரத்திலோ செடியிலோ காய்ப்பதில்லை, கடையில் விற்பது பெரும்பாலும் விலங்கிலிருந்துதான் வருகிறது. பொதுவாக அவை நான்கு: பன்றி, மாடு, மீன், கோழி.

பன்றித் தோல் உலக அளவில் ஜெலட்டினுக்கு மிகப் பெரிய மூலம். டப்பாவில் போர்சைன், பாபி, கின்சிர் என்ற சொற்களில் எதைக் கண்டாலும் அது இதுதான். பன்றி ஜெலட்டினாக மாறிய பிறகு அதன் தன்மையே மாறிவிடுகிறது, ஆகவே ஆகுமானது என்று வாதிடும் அறிஞர்கள் வேறு நாடுகளில் உண்டு. மலேசியாவில் அந்த வாதத்தின் பேரில் பன்றி ஜெலட்டினுக்கு ஹலால் சான்றிதழ் கிடைக்காது.

மாடு என்றால் போவைன் அல்லது லெம்பு என்றிருக்கும். இங்கேதான் இரண்டு பக்கத்தாரும் தடுக்கி விழுகிறார்கள். முஸ்லிம்கள் மாடுதானே என்று வாங்கிவிடுகிறோம். மார்க்க முறைப்படி அறுக்கப்படாத மாட்டின் தோலிலிருந்து வந்தது ஹலால் ஆகாது. ஆகவே போவைன் என்ற சொல் மட்டும் போதாது, சான்றிதழும் வேண்டும். இந்துக்களோ ஹலால் முத்திரையைப் பார்த்து, 'சுத்தமானது, நாமும் சாப்பிடலாம்' என்று நம்பி வாங்குகிறார்கள். பன்றியை ஒதுக்கிய இடத்தில் பெரும்பாலும் வந்து உட்காருவது மாடுதான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நம் தோட்டப்புறத்து இந்துக் குடும்பங்களுக்கு இதை ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

மீனுக்கு அறுக்கும் முறை என்ற பேச்சே இல்லை, மாட்டுக் கவலையும் இல்லை. டப்பாவில் மரைன், ஃபிஷ், இக்கான் என்றிருக்கும். திலாப்பியா மீனின் தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் நிறைய எடுக்கிறார்கள். நானும் அக்காவும் ஒரே டப்பாவிலிருந்து குடிக்க வேண்டுமென்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனாலும் மீன் என்பதற்காகவே ஹலால் என்று முடிவுகட்டாதீர்கள். கூடவே சேர்த்த வாசனைப் பொருள், கிளிசரின், மாத்திரையின் மேல்பூச்சு, அது தயாரான இயந்திரம் எல்லாம் கணக்கில் வரும். கடைசியாகக் கோழி: மூட்டுக்கென்று விற்கும் இரண்டாம் வகைக் கொலாஜன் பெரும்பாலும் கோழியின் நெஞ்சுக் குருத்தெலும்பிலிருந்து வருகிறது. அறுப்புக் கேள்வி இதற்கும் உண்டு.

'வீகன் கொலாஜன்' என்று எழுதியிருந்தால் அதில் பெரும்பாலும் கொலாஜன் இல்லை. வைட்டமின் சி, அமினோ அமிலம், ஏதாவது பழச்சாறு இருக்கும். சைவக்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் தவறில்லை.

இனி ஒளிந்திருக்கும் இடங்கள். உள்ளே மீன் கொலாஜன், வெளியே மாட்டு ஜெலட்டின் கூடு என்று வரும் கேப்சூல்கள் உண்டு. வீட்டு அலமாரியிலுள்ள மீன் எண்ணெய், வைட்டமின் ஈ போன்றவற்றின் பளபளப்பான மெத்தென்ற கூடும் பெரும்பாலும் ஜெலட்டின்தான். பிள்ளைகளுக்கு வாங்கும் கம்மி மிட்டாய் வைட்டமினும் அப்படியே. கூடு செடியிலிருந்து வந்ததாக இருந்தால் ஹைப்ரோமெல்லோஸ் அல்லது எச்பிஎம்சி என்று போட்டிருப்பார்கள். சில இறக்குமதிப் பொருட்களில் ஜெலட்டினை ஈ441 என்ற எண்ணாக மட்டும் எழுதுவதுண்டு. மூட்டுக் கலவைகளில் வரும் கொன்ட்ராய்ட்டினும் விலங்கின் குருத்தெலும்பிலிருந்து எடுப்பது. மாடாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம், சுறாவாகவும் இருக்கலாம். குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருகிறது.

நம் நாட்டு 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இதில் நமக்குத் துணை. உணவாக விற்கும் பொருளில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து வந்த எதுவுமோ இருந்தால், அதை 'மெங்காண்டுங்கி' (மலாயில் 'அடங்கியுள்ளது') என்று தொடங்கும் வரியில் லேபிளில் சொல்லியே ஆகவேண்டும். அக்காவின் டப்பாவில் நான் தேடிப் பிடித்தது அந்த வரியைத்தான். பொருட்பட்டியலின் அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும். மூலம் எங்கேயும் எழுதப்படாமல் வெறுமனே 'கொலாஜன்' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். கடைக்காரருக்கே தெரியாத ஒன்றை நாம் ஊகித்துக் குடிக்க வேண்டிய அவசியம் என்ன?

படி 3: ஹலால் முத்திரையைச் சரிபாருங்கள்

2012 ஜனவரி 1 முதல் மலேசியாவில் ஹலால் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் ஜாக்கிம் எனும் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறைக்கும் மாநில இஸ்லாமிய சமய மன்றங்களுக்கும் மட்டுமே. வட்டத்தின் நடுவில் எட்டு முனை நட்சத்திரம், அதற்குள் ஹலால் என்று அரபியிலும் ரோமன் எழுத்திலும், சுற்றிலும் மலேசியா என்ற பெயர். முத்திரை அப்படித்தான் இருக்கும். 'முஸ்லிம் தயாரிப்பு', 'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை', அழகான பச்சை நிறத்தில் ஓர் அரபு எழுத்து, இவை எதுவும் சான்றிதழ் இல்லை.

முத்திரையை அச்சடிப்பது பெரிய காரியமில்லை. ஆகவே போனை எடுங்கள். ஜாக்கிமின் ஹலால் மலேசியா இணையவாசலில் பொருளின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ தட்டச்சு செய்து தேடுங்கள். பட்டியலில் வந்தால் மூன்றைப் பாருங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து அதேதானா? சான்றிதழின் காலம் முடியாமல் இருக்கிறதா? நீங்கள் வாங்கும் சுவை, வாங்கும் வடிவம் அதில் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சான்றிதழ் பொருளுக்குப் பொருள் தருவது. ஒரு கம்பெனியின் மாம்பழச் சுவைத் தூளுக்குச் சான்றிதழ் இருப்பதால் அதே கம்பெனியின் கேப்சூலும் ஹலால் ஆகிவிடாது.

வெளிநாட்டுப் பொருள் என்றால் வேறு முத்திரை இருக்கலாம். சிங்கப்பூரின் மூயிஸ், அமெரிக்காவின் இஃபான்கா போன்றவை ஜாக்கிம் ஏற்றுக்கொண்ட அமைப்புகள். ஏற்றுக்கொண்டவற்றின் பட்டியலை ஜாக்கிமே வெளியிட்டு அவ்வப்போது திருத்துகிறது. உங்கள் டப்பாவின் முத்திரை அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இணையத்தில் ஆர்டர் போடுகிறவர்கள் விற்பனையாளரிடம் டப்பாவின் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கப் படம் மட்டும் அனுப்பி நழுவுகிறவரிடம் காசு கட்டாதீர்கள்.

படி 4: பதிவு எண்

மாத்திரை, கேப்சூல் வடிவில் வரும் சத்துப்பொருள் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவாகியிருக்க வேண்டும். எம்ஏஎல் என்ற மூன்று எழுத்து, எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. சத்துப்பொருளுக்கு அந்தக் கடைசி எழுத்து 'என்'. அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டால் பொருளின் பெயரும் பதிவுதாரரின் பெயரும் வரும். வேறு பெயர் வந்தால் எண் திருடப்பட்டது என்று அர்த்தம்.

தண்ணீரில் கலக்கும் தூளும் பானமும் பல நேரம் உணவு என்ற கணக்கில் வருவதால் அவற்றுக்கு இந்த எண் இல்லாமலும் இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் உணவாக விற்கும் பொருளுக்கு நோய் தீர்க்கும் என்று சொல்ல உரிமை இல்லை. 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய், இதய நோய் உட்பட 20 நோய்களின் பெயரைச் சொல்லிப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. பதிவு பெற்ற பொருளின் விளம்பரத்தில் கேகேஎல்ஐயூ என்று தொடங்கும் அனுமதி எண் இருக்கவேண்டும்.

இரண்டே நாளில் முட்டிவலி மாயமாக மறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். கொலாஜன் அத்தனை சீக்கிரம் வேலை செய்யாது. பதிவு இல்லாத மூட்டுவலிப் பொருட்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது இந்த நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பி, சர்க்கரை எகிறி வருகிறவர்களைக் கடையில் நானே பார்த்திருக்கிறேன். பல நாள் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே அரசாங்க கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 5: கிராம் கணக்குப் போடுங்கள்

தோலுக்கான சோதனைகளில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2.5 முதல் 10 கிராம் வரை கொடுத்திருக்கிறார்கள், மூட்டுக்கு 10 கிராம் அளவில். சிதைக்கப்படாத இரண்டாம் வகை என்ற தனி ரகத்துக்கு மட்டும் 40 மில்லிகிராம். இதை மனதில் வைத்துக்கொண்டு விலையைப் பாருங்கள்.

ஒரு பெட்டியில் 30 பை, பைக்கு 5 கிராம் கொலாஜன், விலை 120 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். மொத்தம் 150 கிராம், கிராமுக்கு 80 காசு. பக்கத்தில் 60 வெள்ளிக்கு ஒரு புட்டி: 60 மாத்திரை, ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம். பார்க்க மலிவு. மொத்தம் 30 கிராம்தான், கிராமுக்கு 2 வெள்ளி. அதில் நாளைக்கு 5 கிராம் எடுக்க வேண்டுமென்றால் பத்து மாத்திரை விழுங்கவேண்டும், புட்டி ஆறே நாளில் காலி. பையின் எடையும் கொலாஜனின் எடையும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். 15 கிராம் பையில் 3 கிராம் கொலாஜனும் மீதி சர்க்கரையும் வாசனையுமாக இருக்கலாம்.

சர்க்கரையை அலட்சியப்படுத்த முடியாது. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் சொல்லவே வேண்டாம், வீட்டுக்கு ஒருவர் ஊசி போட்டுக்கொள்கிறார்.

படி 6: யார் முதலில் டாக்டரைக் கேட்கவேண்டும்

சிறுநீரகம் பழுதானவர்கள், புரதத்தை அளந்து சாப்பிடச் சொல்லப்பட்டவர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள். கொலாஜனிலுள்ள ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம், கல் உருவாகக் காரணமான ஆக்சலேட்டாக உடம்பில் மாறும். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள். மீன் ஒவ்வாதவர்கள் மரைன் கொலாஜனையும், இறால் ஒவ்வாதவர்கள் குளுக்கோசமின் கலவையையும் தொடவேண்டாம்.

படி 7: காசு குறைந்த வழி, சமையலறையில்

கேக் சாமான் விற்கும் கடைகளில் ஹலால் ஜெலட்டின் தூள் கிடைக்கும். அமினோ அமிலங்களைப் பார்த்தால் விலையுயர்ந்த பெப்டைட் தூளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெரும்பாலும் மாடு என்பதால் முஸ்லிம் வீடுகளுக்கு இது பொருந்தும். இந்து வீடுகள் மீன் ஜெலட்டினைத் தேடவேண்டும். மீன் ஜெலட்டின் கொஞ்சம் தளர்வாகத்தான் உறையும், நம் வெயிலில் சீக்கிரம் இளகும், அதனால் தூள் சற்றுக் கூடுதலாகப் போடுங்கள்.

ஒரு மேசைக்கரண்டி தூளைக் கால் கப் குளிர்ந்த நீரில் தூவி, ஐந்து பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். ஈர மணல்போல உப்பி வரும். பிறகு சூடான பாலோ பழச்சாறோ ஒன்றரைக் கப் ஊற்றிக் கலக்குங்கள். கொதிக்கவிட்டால் உறையும் சக்தி குறைந்துவிடும். வேகவைக்காத அன்னாசியோ பப்பாளியோ போட்டால் உறையவே உறையாது. அவற்றிலுள்ள நொதி ஜெலட்டினைத் தின்றுவிடும். டின் அன்னாசி போடலாம், சூட்டில் அந்த நொதி செத்திருக்கும். அகார்-அகாரை இதற்குப் பதிலாக நினைக்காதீர்கள். அது கடற்பாசி, அதில் கொலாஜன் இல்லை.

எதைச் சாப்பிட்டாலும் வைட்டமின் சி இல்லாமல் உடம்பு கொலாஜன் கட்டாது. அதற்குத் தனி மாத்திரை வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவையைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். தோட்டத்து வீடுகளின் பின்னால் கொய்யா மரம் இல்லாத லயம் ஏது?

காசு கொடுத்து வாங்கும் தூளுக்கு 12 வாரம் கெடு வையுங்கள். முதல் நாளே நாள்காட்டியில் எழுதுங்கள்: எத்தனை படி ஏறினால் வலிக்கிறது, சந்தைக்கு நடந்து போக எத்தனை நிமிஷம் ஆகிறது. 12 வாரம் கழித்து அதையே மறுபடி எழுதி ஒப்பிடுங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

ஏமாந்துபோனால்

ஹலால் முத்திரை போலி என்று சந்தேகம் வந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சிடமும் ஜாக்கிமிடமும் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்க பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையுள்ள வழக்கை எடுப்பார்கள், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. ஆனால் ரசீது வேண்டும்.

அக்காவிடம் ரசீது இல்லை. கூட்டம் போட்டவர்கள் அன்று மாலையே அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். மீதித் தூளை என்னிடம் கொடுத்து, "உங்க ஆளுங்க யாருக்காச்சும் கொடு, வீணாக்காதே" என்றார். ஜாக்கிம் பட்டியலில் பார்த்தேன், சான்றிதழ் சரியாகவே இருந்தது. எங்கள் அத்தை இப்போது அதைக் குடிக்கிறார். அக்கா கிளினிக்கில் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சியைத் தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டுச் செய்கிறார். என்ன வாங்கினாலும் ரசீதை மின்சார பில்லோடு சேர்த்து பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறார்.